பேருந்து எண்

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற ஊரில் பிறந்தவள்,
பல் எண்ணுவதற்கே சம்பளம் வாங்குகிறேன்
வின்னிபெக்கில், ஒரு மருத்துவமனையின் நான்காம் மாடியில்.

திறந்த மூலம். யாரும் எடுக்கலாம், காசில்லை.
அதனால்தான் அட்டவணையில் பதினேழு கேள்விகள்:
நட்சத்திரம் எத்தனை, கடைசித் திருத்தம் எப்போது,
சோதனைகள் எத்தனை விழுக்காட்டு வரிகளைத் தொடுகின்றன.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை.
கூட்டினால் அறுபதைத் தாண்ட வேண்டும்.

இன்று வந்திருப்பது சின்ன நிரல், இரண்டாயிரத்து நூறு வரி.
வடக்கே எந்த ஊரில் இப்போது மணி என்ன என்பதைத் தவிர
வேறொன்றும் தெரியாது அதற்கு.
டயாலிசிஸ் நாற்காலிகளுக்கு நேரம் ஒதுக்குவது
அதை நம்பித்தான்.

நட்சத்திரம்: முப்பத்தொன்று.
கடைசித் திருத்தம்: மூன்று ஆண்டு நான்கு மாதம் முன்பு.
"செத்துப்போன திட்டம்" என்றார் டெஸ்ரோஷே,
காபியோடு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.
செத்ததா, முடிந்ததா?
அதைக் கேட்க அட்டவணையில் கட்டம் இல்லை.

புகார்களுக்குப் பதில் சொல்லும் வேகம்: ஐந்துக்கு இரண்டு.
சர்ச்சிலிலிருந்து ஒரு செவிலி,
ஒரு மணிநேரம் பிசகுகிறதே என்று கேட்டிருந்தாள்.
ஒன்பது பதில், நிதானமாக, இடையிடையே நாள்கள் விட்டு.
கடைசியில் தவறு அவள் கணினியில்.
'கேட்டது நல்லதாயிற்று' என்று முடித்திருந்தார்.

பன்னிரண்டாம் கேள்விக்குப் பெயர் பேருந்து எண்.
எத்தனை பேர்மேல் பேருந்து ஏறினால்
இந்த வேலை நின்றுபோகும்?
விடை: ஒன்று.
ஓரெஸ்ட் ஹ்னாட்யுக், டாஃபின், மனிடோபா.

ஒரு சோறு பதம் பார்க்கலாமென்று
நடுவில் எங்கோ ஒரு வரியைத் திறந்தேன்.
கணக்குக்கு மேலே ஒரு குறிப்பு:
"க்ரைட்டன் இருப்பது சஸ்காச்சுவானில்.
கடிகாரம் மட்டும் மனிடோபாவோடு ஓடும்.
வரைபடத்தை நம்பாதே.
அங்கிருக்கும் அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டேன்,
மார்ச்சில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை."

சோறு வெந்திருந்தது.
கூட்டினேன். ஐம்பத்தெட்டு.

மாற்று ஒன்று உண்டு. டொரொன்டோ நிறுவனத்துடையது,
பதினோராயிரம் நட்சத்திரம், ஆறு மொழியில் விளக்கம்,
விளம்பரத்துக்குக் காட்டும் பல்வரிசை.
தொண்ணூற்றொன்று.
டெஸ்ரோஷேவுக்குப் பிடித்துவிட்டது.
அது எதையெதை நம்பி நிற்கிறதென்று
ஒவ்வோர் அடுக்காக இறங்கிப் பார்த்தேன்.
நான்காவது அடுக்கில்
ஓரெஸ்ட் உட்கார்ந்திருந்தார்,
அக்காவின் போன் உட்பட.

குறிப்புக் கட்டம் இருநூற்றைம்பது எழுத்துதான் கொள்ளும்.
மூன்று முறை எழுதி அழித்தேன்.
பிறகு அவர் சோதிக்காமல் விட்ட ஒரே தேதியை,
பிப்ரவரி இருபத்தொன்பதை,
சோதனையாக எழுதி அவருக்கே அனுப்பினேன்.

பதினோரு நாள் சத்தமில்லை.
பிறகு, "அன்புள்ள மங்கையர்க்கரசி" என்று.
என் அடையாள அட்டை பாதியில் வெட்டிவிடும் பெயர்,
ஓர் எழுத்து பிசகாமல் முழுசாக.
"குழாய் உறைந்து வெடித்துவிட்டது, அதனால் தாமதம்.
சோதனை சரி. நாற்பதாம் வரியில் ஓர் இடைவெளி அதிகம்.
சாவி ஒன்று உங்களிடமும் இருக்கட்டுமா?
எனக்கு எழுபத்தொன்று."

வயதா மதிப்பெண்ணா என்று ஒரு கணம் குழம்பினேன்.

மாலை, போர்ட்டேஜ் அவென்யூ, மைனஸ் இருபத்தொன்பது.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி
'சரி' என்று ஒரு சொல் தட்டி அனுப்பிவிட்டு நிமிர்ந்தால்
வந்துகொண்டிருக்கிறது பேருந்து,
பனிக்கட்டியில் லேசாகச் சறுக்கியபடி.

முதல் ஆளாக ஏறுவதற்கு
எப்போதும் விளிம்பில் நிற்பவள்,
இன்று இரண்டடி தள்ளி நின்றேன்.